ஏலப்பாறையில் சவுண்டு மாமா

ஏலப்பாறைக்கு வீடியோ எடுக்க வருகிறவர்கள் யாரும் காதோடு வருவதில்லை. கண்ணோடு வருகிறார்கள், காமிராவோடு வருகிறார்கள், வசதியானவர்கள் ட்ரோனோடும் வருகிறார்கள். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகிற ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, தேயிலைக் காட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ஏதோ பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கும் மூடுபனிக்கும்தான் தெரியும். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். குரல் இருக்கவேண்டிய இடத்தில் ட்ரிப் ஜீப் ஒன்று செகண்ட் கியரில் ஏற்றம் ஏறிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில்தான் வாகமண். அங்கே 2023 செப்டம்பரில் ஒரு கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 40 மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பாராகிளைடிங் விழாவும் அங்கே நடக்கிறது. அதாவது ஆளைத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே பேர் வாங்கிய காற்று. அந்தக் காற்றில் நின்று, செல்போனைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" என்று ஆரம்பிக்கிற தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். போனின் மைக் என்பது அதன் அடி விளிம்பில் இருக்கிற ஒரு குண்டூசித் துளை. போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் பெரும்பாலும் அதன்மேல் நம் உள்ளங்கை உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கை விட்ட இடத்தில் காற்று உட்காரும். கடைசியில் 'ஹாய்' மட்டும் இடுக்கி ஜில்லாவில் மிஞ்சும்; ஃப்ரெண்ட்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் கோட்டயம் ஜில்லாவில் போய் விழுந்திருப்பார்கள்.

வெளியூர்க்காரர்களைச் சொல்வானேன். என் அக்கா மகனே கட்டப்பனையில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கல்யாண வீடியோவுக்குக் காது தேவையில்லை. பிடித்த சத்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுவார்கள். பந்தியில் சண்டை போட்ட சித்தப்பாவின் குரல் யாருக்கு வேண்டும்? இப்படிக் காதில்லாமலே கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் மிச்சமிருக்கிற பழைய ஆட்களைப் பேசவைத்துப் படம் எடுக்கவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கங்காணி கூட்டிவந்த கதை, 1956-ல் மாநிலம் பிரித்தபோது பீருமேடு தாலுகா எந்தப் பக்கம் சேரும் என்று ஊரே காத்திருந்த கதை, எல்லாம் அவர்கள் வாயாலேயே வரவேண்டும். நல்ல ஆசைதான். நான் தமிழ் மீடியத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கேள்வி கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தான். போகப்போகத் தலையில் ஹெட்போனையும் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து லயத்துப் பிள்ளைகளுக்கு நான் சவுண்டு மாமா.

முதலில் பெரியம்மா. எனக்கு முறை ஒன்றும் கிடையாது. எண்பதைத் தாண்டியவர், லயத்துக்கே பெரியம்மா. அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, மருமகன் காமிராவைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி எதிர் லயத்தின் இறவாணத்துக்கே போய்விட்டான். "அப்பத்தான் மாமா பின்னாடி மங்கலா வரும்." மங்கலாக வந்தது. மழையும் வந்தது. பெரியம்மா கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொன்னார். நடுவில் கோபமாக யாரோ ஒருத்தியின் பேரையும் குக்கரையும் சொன்ன மாதிரி இருந்தது. போட்டுப் பார்த்தால் தகரத்தில் மழை, தரையில் மழை, நடுவில் பெரியம்மாவின் வாய் மட்டும் அசைகிறது.

"ஏன்டா, ஒண்ணுமே கேக்கலியே?"

"ஜூம் பண்ணித்தான மாமா எடுத்தேன்!"

இந்த நம்பிக்கை அவனுக்கு மட்டும் உள்ளதல்ல. ஜூம் செய்தால் முகம் கிட்டே வருகிறது, ஆகவே குரலும் கிட்டே வரும் என்று தேசத்தில் பாதிப்பேர் நம்புகிறார்கள். லென்ஸ் எதிர் லயத்தில் உட்கார்ந்துகொண்டே பெரியம்மாவின் மூக்குத்தியை எண்ணிவிடும். காமிரா தலையில் இருக்கிற மைக், தான் இருக்கிற இடத்தில் என்ன கேட்கிறதோ அதை மட்டும் கேட்கும். அங்கே மழை கேட்டது.

ஒலிப்பதிவுக்காரர்கள் டெசிபல் என்று பேசுவார்கள். எனக்குச் சாண் போதும். சட்டையில் குத்துகிற சின்ன மைக், வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே, நெஞ்செலும்பின் மேல் இருக்கவேண்டும். தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் வந்து சேர்கிற ஒலியின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகும். அவர்கள் பாஷையில் 6 டெசிபல் குறையும். இரண்டு சாணில் கால். நாலு சாணில் 16-ல் ஒன்று. எட்டுச் சாணில் 64-ல் ஒன்று. நம் உடம்பே எண் சாண் என்று பெரியவர்கள் அளந்துவைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற தூரத்தில் மைக்கை வைத்தாலே 64-ல் 63 பங்கு பறிபோய்விடும் என்றால், முற்றத்துக்கு அந்தப் பக்கம் வைத்தவனை என்ன செய்யலாம்? மழைக்கு இந்தக் கணக்கு கிடையாது. மைக்கை எங்கே வைத்தாலும் அது மைக்கின் தலைமேலேயே பெய்யும்.

"சவுண்ட எடிட்டிங்ல கூட்டிக்கலாம் மாமா" என்றான். கூட்டினான். மழை கூடியது.

கூடிய மழைக்குள் பெரியம்மாவும் கொஞ்சம் கேட்டார்தான்; ஆனால் மெய்யெழுத்தெல்லாம் செத்து, உயிரெழுத்து மட்டும் பிழைத்திருந்தது. பேச்சின் வலு பெரும்பாலும் உயிரெழுத்துகளில், ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் கிடக்கிறது. ககரம் எது, தகரம் எது என்று காட்டிக்கொடுக்கிற நுணுக்கமெல்லாம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, வலுவில்லாமல், பொடிப்பொடியாக இருக்கும். மழை முதலில் தின்பது அதைத்தான். பிறகு படி, தடி, கடி எல்லாம் அடிதான். "துரை எங்களுக்குப் படி குடுத்தாரு" என்கிறார் பெரியம்மா. மருமகன் கீழே எழுத்துப் போட்டான்: "துரை எங்களுக்கு அடி கொடுத்தார்." இரண்டும் வழக்கத்தில் இருந்ததுதான் என்பதால் லயத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மழை ஓயட்டும் என்று காத்திருக்கலாமா? பீருமேட்டுப் பக்கம் மலையாள இடவ மாசத்துப் பாதியில் தொடங்குகிற மழை எப்போது ஓயும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பெரியம்மாவின் வயசுக்கு அப்படிக் காக்கவைப்பதும் நியாயமில்லை. ஆகவே அடுத்த தடவை வீட்டுக்குள். வெளியே மழை சத்தம் என்றால், உள்ளே சுவர் சத்தம். சுண்ணாம்பு அடித்த சின்ன அறையில் பேசினால் குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி, தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு வரும். இங்கேதான் சட்டம் கைகொடுத்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காப்பாற்றக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்கவேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. அதை எழுதினவர் ரகசியமாக ஒரு சவுண்டு இன்ஜினியராக இருந்திருக்கவேண்டும். கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். மழைக்கோட்டைக் காமிராவுக்குப் போடலாம். குடை மட்டும் ஆகாது. குடைமேல் விழுகிற மழை மைக்குக்குத் தகரத்தைவிட மோசம்.

தகரத்துக்கும் வைத்தியம் உண்டு. துளி நேரே தகட்டில் விழுந்தால் தகடு முழுக்க அதிரும்; விழுவதற்கு முன்பே அதை உடைத்துவிட்டால் சத்தமில்லாமல் வடிந்துவிடும். அதற்காகக் கூரைமேல் முரட்டு நார் விரிப்புப் போடுவார்கள். கேரளத்தில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? யாரோ கழித்துப் போட்ட கயர் மெத்தையை மருமகன் ஏணி வைத்துக் கூரையில் ஏற்றினான். கட்டஞ்சாயா கிளாஸோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டார்: "மெத்தைய ஏன்டா அங்க போடுத? யாரு படுக்க?"

"மழை படுக்கும் தாத்தா."

தாத்தா என்னைப் பார்த்தார். படித்த மனுஷன் கூட இருந்துமா என்ற பார்வை.

சினிமாவில் இதெல்லாம் பழைய பஞ்சாயத்து. 1931-ல் 'ஆலம் ஆரா' எடுத்த பம்பாய் இம்பீரியல் ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் ஓய்கிற நடுராத்திரியில்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்திலேயே கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதே கம்பெனியிலிருந்து தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. பிற்பாடு நம் ஆட்கள் டப்பிங் தியேட்டரைப் பிடித்துக்கொண்டு, மைக்கை எங்கே வைப்பது என்கிற கேள்வியையே ரத்து செய்துவிட்டார்கள். கதாநாயகி மலை உச்சியில் மழையில் நனைந்து அழுவாள். அவள் குரல் வடபழனியில் ஏ.சி. அறையில் நனையாமல் அழும். 'விருமாண்டி' (2004) மாதிரி ஸ்பாட்டிலேயே குரலைப் பிடித்த படங்கள் குறைவு. கொல்லம் ஜில்லாக்காரரான ரசூல் பூக்குட்டி மும்பையின் இரைச்சலுக்கு நடுவில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ஒலி பிடித்து 2009-ல் ஆஸ்கார் வாங்கினார். வாங்கட்டும், தகும். ஆனால் பெரியம்மாவை வடபழனிக்குக் கூட்டிப்போக முடியாது. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும்.

மருமகன் சட்டையில் குத்துகிற வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கினான். உண்மையான சங்கடம் அதற்குப் பிறகுதான். காமிரா எட்ட நின்று மரியாதையாகப் பார்த்துக்கொள்ளும், மைக் ஒட்டிக்கொள்ளவேண்டும். அந்த ஒரு சாண் தூரத்துக்குள் போக யாருக்கு உரிமை? வெளிநாட்டு வீடியோக்களில் ஒருவன் வந்து சிரித்துக்கொண்டே சட்டைப் பித்தானை அவிழ்த்து மைக்கை மாட்டிவிட்டுப் போகிறான். இங்கே பாட்டி வயசு மனுஷியின் நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோகிறவன் அதற்குப் பிறகு லயத்துக்குள் நடமாட முடியாது. மருமகன் மைக்கை இரண்டு கையாலும் ஏந்தி, தேவாலயத்தில் காணிக்கை கொடுக்கிற பவ்யத்தோடு நீட்டினான்.

"பெரியம்மா, இத வாய்க்குக் கொஞ்சம் கிட்டக்க வச்சுக்கோங்க."

"இது என்ன வெலைடா தம்பி?"

அவன் உண்மையைச் சொன்னான். பெரியம்மா சட்டென்று அதைச் சுருக்குப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து, பையை இடுப்பில் செருகிக்கொண்டார். "இம்புட்டு வெலைக்கா வாங்குவாங்க? தொலைஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

நான் ஹெட்போனை மாட்டினேன். சில்லறைக் காசு, பாக்குவெட்டி, பாக்கு, ரேஷன் கார்டு ஆகியவை பெரியம்மாவின் வாழ்க்கை வரலாற்றை ஆரம்பித்திருந்தன. அவர் குரல் எங்கோ அடிவயிற்றிலிருந்து வந்தது. மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்பதுகூடக் கொஞ்சம் கேட்டது.

கடைசியில் காட்டு வேலை முடிந்து வந்த பேத்தி பொறுப்பெடுத்துக்கொண்டாள். சேலை மடிப்பில் பின் குத்திப் பார்த்தாள். நைலக்ஸ் சேலை, மூச்சு விட்டாலே சரசரக்கும். மாற்றி மாற்றிக் குத்தினாள். கழுத்துச் சங்கிலியின் டாலர் வந்து மைக்கில் 'டக்' என்று முட்டியது. அதோடு பெரியம்மா ஒரு பக்கமாகப் பேசுகிறவரில்லை. கேள்வி என்னுடையது, பதில் அடுப்படியில் இருக்கிற மருமகளுக்கு. தலை திரும்பியதும் குரல் பாதியாகும். பேத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, பாட்டி குளிருக்குத் தலையில் கட்டியிருந்த துண்டின் முன்மடிப்பில், நெற்றிக்கு நேர்மேலே, மைக்கைச் செருகினாள்.

ஹெட்போனில் பெரியம்மா என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மேடை நாடகத்துக்காரர்கள் நெற்றி முடிக்குள் மைக்கைச் செருகுவது இதே காரணத்துக்காகத்தான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மைக்கும் கூடவே திரும்பும். வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் மாறாது. கன்னம் மோவாய் எதுவும் குறுக்கே வராது. தாடைக்குக் கீழே செருகினால் மெய்யெழுத்தின் கூர்மை மோவாயோடு நின்றுபோகும், நெஞ்சின் முழக்கம் கூடிவரும். நெற்றியில் அந்தத் தொல்லை குறைவு. இத்தனை சாஸ்திரமும் பேத்திக்குத் தெரியாது. "அங்க வச்சா பாட்டி கைபடாது சார்" என்றாள். அது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத மிக முக்கியமான காரணம்.

திண்ணைப் பக்கம் காற்று வரும் என்று, மைக்கோடு கூடவே வந்த ரோமக் குல்லாவை எடுத்தோம். ரோமத்துக்குள் காற்று வேகம் இழந்துவிடும், மைக்குக்குப் பக்கத்தில் அசையாத காற்று கொஞ்சம் தேங்கும். குரல் மட்டும் உள்ளே போகும். பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எலிக்குஞ்சு கணக்கா இருக்கு, இத ஏன்டா என் தலையில விடுதீங்க" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பெரியவர்களின் முடிவு. கதவைச் சாத்திக்கொண்டோம்.

அடுத்தது ஒலி அளவு வைப்பது. "டெஸ்ட்டுக்கு எதாவது சொல்லுங்க பெரியம்மா." உடனே அவர் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற தோரணையில், "என்னத்தச் சொல்ல..." என்று முணுமுணுத்தார். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். மைக் டெஸ்ட்டில் யாரும் தன் குரலில் பேசுவதில்லை. அந்த முணுமுணுப்புக்கு அளவு வைத்தால், அடுத்த கேள்விக்கே மீட்டர் சிவந்து, குரல் உடையும். டிஜிட்டல் பதிவில் பூஜ்யம்தான் உத்தரம். அதில் முட்டி உடைந்த குரலை யாராலும் ஒட்டவைக்க முடியாது. அதனால் உச்சக் குரலுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு 12 டெசிபலாவது காலி விட்டுவைப்பார்கள். அதிலும் இது மலைக் குரல். எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமல் கொட்டகையை நிறைத்தார் என்பார்கள்; எங்கள் பெரியம்மா இந்தச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டே எதிர்ச் சரிவில் இருக்கிறவளிடம் குழம்புக்கு என்ன வைத்தாய் என்று கேட்டுப் பழகியவர். அவருடைய உச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. "மருமக எப்படிப் பெரியம்மா, நல்லாக் கவனிக்கிறாளா?" என்று கேட்டேன். மீட்டர் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டோம். அடுப்படியிலிருந்து பாத்திரம் விழுந்த சத்தத்துக்கும் சேர்த்தே அளவு வைத்தோம்.

பக்கத்து வீட்டுத் தாத்தா தனி அத்தியாயம். ஆண்பிள்ளை, சட்டை போட்டவர், ஒரு தொல்லையும் இருக்காது என்று மைக்கைச் சட்டைப்பைக்கு மேலே மாட்டினோம். பைக்குள் தீப்பெட்டி. அவர் தலையாட்டி ஆமோதிக்கும்போதெல்லாம் உள்ளே குச்சிகள் சேர்ந்து ஆமோதித்தன. தீப்பெட்டியைக் கேட்டோம், பீடிக்கட்டையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சே வரவில்லை.

இந்தத் தேசத்தில் மைக்கைச் சரியான தூரத்தில் வைக்கிற ஒரே கூட்டம் டி.வி. நிருபர்கள்தான் என்று நினைக்கிறேன். அமைச்சர் வாயைத் திறந்தால் ஒரு சாணுக்குள் ஒரு டஜன் மைக். அதற்கும் ஒலி காரணமில்லை. தங்கள் சானலின் சின்னம் படத்தில் விழவேண்டும் என்ற போட்டி. போட்டியில் தற்செயலாக ஒலியும் நன்றாக வந்துவிடுகிறது. அமைச்சர் சொன்னது ஒன்றும் புரியவில்லை என்றால் பழியை மைக்மேல் போட வழியில்லை.

படம் தயாரானதும் பெரியம்மாவுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது என் நாத்தனா பேசுதா" என்றார். நம் குரல் நமக்கு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்பதால், வெளியே ஒலிப்பது வேற்றுக் குரலாகத்தான் தோன்றும் என்று விளக்கினேன். "அவ செத்து எவ்வளவோ வருஷமாச்சு, அவ குரல் எனக்குத் தெரியாதா" என்று முடித்துவிட்டார்.

மருமகன் படத்தை வெளியே விட்டான். கங்காணி கதைக்கும் 1956-க்கும் நல்ல மரியாதை கிடைத்தது. ஆனால் லயத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது வேறு இடம். முதல் தடவை மழை மறைத்த அதே சங்கதியைப் பெரியம்மா இந்தத் தடவையும் விடாமல் சொல்லியிருந்தார். யார் குக்கரை இரவல் வாங்கிப்போனாள், எந்த ஓணத்துக்கு வாங்கினாள், கேட்டால் என்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல், ககரமும் தகரமும் தனித்தனியாக. வெட்டிவிடலாம் என்றேன். "நல்ல சவுண்டு மாமா, வெட்ட மனசு வரல" என்றான்.

ரெண்டாம் நாள் காலையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் குக்கர் உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்து வைத்தவளை யாரும் பார்க்கவில்லை. நான் போனபோது பெரியம்மா மூடியைத் திருப்பி விளிம்பு முழுக்க விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"வாஷரக் காணோம் வாத்தியாரே. தம்பிய அந்த மைக்க எடுத்துட்டு வரச் சொல்லும்."